மூச்சைத் தொடாமல் கையை மட்டும்: நுரையீரல் நோயாளி ஒருவருக்கு அக்குள்வழி நரம்புத் தடுப்பு

முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்த ஒருவருக்குப் பிளேட் வைத்துப் பொருத்துவது எலும்பு மருத்துவருக்கு அன்றாட வேலை. அதே நோயாளி நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குபவராக இருந்தால், சிக்கல் எலும்பில் இல்லை. மயக்கம் கொடுக்கும் முறையில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு மலையோரத்திலிருந்து நாங்கள் பணிபுரியும் மருத்துவமனைக்கு வந்த 64 வயதுத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வை இங்கே விரிவாக எழுதுகிறேன். கையை மரக்கச் செய்யும் ஊசிகள் பல இருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மருத்துவரின் பழக்கம் முடிவு செய்யக்கூடாது; அறுவை நடக்கும் இடமும் நோயாளியின் நுரையீரலும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்பதை இந்த நிகழ்வு நன்றாகக் காட்டுகிறது. நோயாளியின் ஒப்புதல் பெற்று, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கி எழுதப்பட்டது.

நோயாளி

திருவட்டாறு வட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் நிறைந்த பகுதியைச் சேர்ந்தவர். இளம் வயதில் பால்வெட்டுக்குப் போனவர். பிறகு நெடுங்காலம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் வேலை செய்தவர். ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கிய ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகை மெதுவாகப் புகையவிட்டுப் பல நாள் உலர்த்துவார்கள். அடைத்த அறைக்குள் அடிக்கடி நுழைந்து ஷீட்டைத் திருப்புபவர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். இவருக்குப் பீடிப் பழக்கமும் இருந்தது. எங்கள் பகுதியில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றி விசாரிக்கும்போது பீடி, சிகரெட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், புகைப்புரை, விறகடுப்பு, முந்திரிக்கொட்டை வறுக்கும் ஆலை இவற்றையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பீடி குடிக்காத பெண்களிடமும் இதே நோயைப் பார்க்கிறோம்.

மேல்தட்டில் ஷீட் அடுக்கும்போது ஏணி சறுக்கி வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். முதலில் அருகிலிருந்த வர்ம ஆசானிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, இரண்டு எலும்பும் அசைகிறது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று சொல்லி அன்றே அனுப்பி வைத்திருக்கிறார். மறுநாள் காலை எங்களிடம் வந்தார். எக்ஸ்ரேயில் ரேடியஸ், அல்னா இரண்டும் நடுப்பகுதியில் முறிந்து விலகியிருந்தன. தோல் கிழியவில்லை.

உடல் எடை 51 கிலோ. சாதாரணக் காற்றில் இரத்த ஆக்சிஜன் அளவு 91 விழுக்காடு. மார்பு பீப்பாய் போல விரிந்திருந்தது. மூச்சை வெளியே விடும் நேரம் நீண்டு, இரு பக்கமும் வீசிங் சத்தம் கேட்டது. ஸ்பைரோமெட்ரியில், முதல் விநாடியில் வெளியேற்றும் காற்றின் அளவு அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படுவதில் 41 விழுக்காடுதான். மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானம் இரு பக்கமும் தாழ்ந்து தட்டையாகத் தெரிந்தது. இதய எக்கோ பெரும் குறை எதையும் காட்டவில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் கேட்ட ஒரே கேள்வி, "டாக்டரே, மயங்கினா பொறவு எழும்புவனா?" என்பதுதான். நுரையீரல் நோயாளிகள் பலர் தம் நோயை நம் அறிக்கைகளை விடத் தெளிவாக அறிந்திருக்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த வேண்டும். அந்தத் தொடுகையே மூச்சுச் சிறுகுழாய்களைச் சுருங்கச் செய்யலாம். இயந்திரம் தள்ளும் காற்று முழுதும் வெளியேறாமல் நெஞ்சில் தேங்கலாம். முடிவில் குழாயை எடுக்க முடியாமல் வென்டிலேட்டரோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரலாம். "மயங்க வேண்டாம் ஐயா, கையை மட்டும் மரக்க வைக்கலாம்" என்று சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் எங்கள் உண்மையான வேலை தொடங்கியது.

எந்த ஊசி?

கைக்குச் செல்லும் நரம்புகள் ஏறத்தாழ எல்லாம் ஐந்தாம் கழுத்து நரம்பிலிருந்து முதலாம் மார்பு நரம்பு வரையிலான ஐந்து வேர்களிலிருந்து புறப்படுகின்றன. அவை கழுத்தின் பக்கத் தசைகளுக்கு இடையே இறங்கி, மூன்று தண்டுகளாகச் சேர்ந்து, காறை எலும்புக்குப் பின்னால் பிரிந்து, அதற்குக் கீழே அக்குள் தமனியைச் சுற்றி மூன்று வடங்களாக அமைந்து, அக்குளில் தனித்தனி நரம்புகளாகப் பிரிகின்றன. இந்த நரம்புப் பின்னலின் பாதையில் எந்த இடத்தில் மருந்தை விட்டாலும் கை மரக்கும். ஆனால் எந்தப் பகுதி மரக்கும், வேறு எது பாதிக்கப்படும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகம் படிப்படியாகத்தான் கற்றது. 1880களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் கழுத்தைத் திறந்து, நரம்பைக் கண்ணால் பார்த்துக் கொக்கெயின் செலுத்தினார். 1911இல் ஜெர்மனியில் ஹிர்ஷல் அக்குள் வழியாகவும், குலன்காம்ப் காறை எலும்புக்கு மேலேயும் தோல்வழி ஊசி போடும் முறைகளை வெளியிட்டார்கள். குலன்காம்ப் அதைத் தன் மீதே முதலில் சோதித்துப் பார்த்தவர். 1970இல் வின்னி கழுத்துத் தசைகளுக்கு இடையே போடும் முறையை விவரித்தார். அந்த ஊசியை வழக்கமான அளவில் போட்டால், அந்தப் பக்க உதரவிதானம் ஏறத்தாழ எல்லோருக்கும் செயலிழக்கிறது என்பதை 1991இல் அர்மியும் அவருடைய கூட்டாளிகளும் அல்ட்ராசவுண்ட் மூலம் காட்டினார்கள்.

காரணம் உடற்கூறில் இருக்கிறது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்புகளிலிருந்து பிறந்து, முன்பக்கக் கழுத்துத் தசையின் மேற்பரப்பில் இறங்குகிறது. கழுத்தின் நடுவில் அது ஐந்தாம் வேருக்கு மிக நெருக்கமாக ஓடுகிறது. கீழே இறங்க இறங்க விலகிச் செல்கிறது. ஆகவே மருந்தை எவ்வளவு மேலே விடுகிறோமோ அவ்வளவுக்கு அது மரத்துப்போகும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு பக்க உதரவிதானம் நின்றால், ஒருவர் ஒரே மூச்சில் வெளியேற்றக்கூடிய காற்று ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 41 விழுக்காட்டில் நிற்பவருக்கு அந்தக் கால் பங்குதான் தானாக மூச்சு விடுவதற்கும் வென்டிலேட்டருக்கும் உள்ள இடைவெளி.

கழுத்து ஊசி இவருக்குத் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டது. அது தோள் அறுவைக்கு உரியது. அல்னார் நரம்பின் பகுதி பெரும்பாலும் தப்பிவிடுவதால் முன்கை அறுவைக்குப் போதுமானதும் அல்ல. காறை எலும்புக்கு மேலே போடும் ஊசிதான் எங்கள் பிரிவில் கை அறுவைகளுக்குப் பெரும்பாலும் போடப்படுவது. நரம்புத் தண்டுகள் அங்கே நெருக்கமாகத் திரண்டிருப்பதால் விரைவாகவும் முழுமையாகவும் மரக்கும். ஆனால் வழக்கமான மருந்தளவில், பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ உதரவிதானம் ஓரளவாவது தளர்கிறது. அதோடு, நுரையீரல் உறை ஊசி முனைக்கு மிக அருகில் இருக்கிறது. காற்று நிறைந்து மேலே புடைத்த இவருடைய நுரையீரலில் ஒரு துளை விழுந்தால் என்னாகும் என்று விளக்கத் தேவையில்லை. மருந்தளவைக் குறைத்தால் உதரவிதானம் தப்பலாம் என்பது உண்மைதான். ஆனால் 'தப்பலாம்' என்ற சொல்லை நம்பி இவருக்கு ஊசி போட நான் உடன்படவில்லை.

காறை எலும்புக்குக் கீழே போடும் ஊசியில் உதரவிதானம் பாதிக்கப்படுவது அரிது. கையை அசைக்காமல் போடலாம் என்பது அதன் பெரிய வசதி. அதை இரண்டாம் தேர்வாக வைத்துக்கொண்டோம். அங்கே நரம்பு ஆழத்தில் இருக்கிறது, ஊசி செங்குத்தாக இறங்குவதால் திரையில் அதன் முனை மங்கலாகத் தெரிகிறது, மார்புச் சுவரும் வெகு தொலைவில் இல்லை. கையின் சிரை வழியாக மருந்தேற்றும் பியர் முறையையும் பேசினோம். இரத்த ஓட்டத்தை நிறுத்த மேற்கையில் இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டையின் வலியும், பட்டையைத் தளர்த்தியதும் வலி உடனே திரும்புவதும் இரண்டு பிளேட் வைக்கும் அறுவைக்கு ஒத்துவராது.

மிஞ்சியது அக்குள்வழி ஊசி. உதரவிதான நரம்பும் நுரையீரலும் அந்த இடத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன. தமனி மேலோட்டமாக இருப்பதால், தவறி ஊசி பட்டாலும் விரலால் அழுத்தி இரத்தத்தை நிறுத்திவிடலாம். இதற்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும்: நரம்புகளைத் தனித்தனியாகத் தேடி மரக்கச் செய்ய வேண்டும், முறிந்த கையைப் பக்கவாட்டில் விரிக்க வேண்டும்.

ஊசிக்கு முன்

கட்டைப் பிரித்ததும் முன்கை வீங்கியிருந்தாலும் மெத்தென்றே இருந்தது. விரல்களை நீட்டினால் கடும் வலி இல்லை. நாடி நன்றாகத் துடித்தது. விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தபோது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே புறங்கைத் தோலில் உணர்ச்சி குறைந்திருந்தது. ரேடியல் நரம்பின் தோல் கிளை மணிக்கட்டருகே எலும்பின் மேலேயே ஓடுவதால், வீங்கும் கையில் எந்த இறுக்கமான கட்டும் அதை அழுத்தக்கூடும். வளையலோ விலங்கோ கூட அப்படிச் செய்யும். விரலையும் மணிக்கட்டையும் நிமிர்த்தும் வலிமை முழுமையாக இருந்ததால் மேலே ரேடியல் நரம்புக்குக் காயமில்லை என்று முடிவு செய்தோம். இந்தக் குறையைப் படம் வரைந்து நோய்க்குறிப்பில் பதிந்து, நோயாளிக்கும் மகளுக்கும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினோம். ஊசிக்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து இதைச் செய்யாமல், மறுநாள் அந்த மரப்பைக் கண்டிருந்தால், அது கட்டால் வந்ததா, அறுவையால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அல்ட்ராசவுண்டில் வலது உதரவிதானத்தின் அசைவையும் அளந்தோம். ஆழ்ந்த மூச்சில் 3.1 செ.மீ. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை நெபுலைசரில் கொடுத்தோம். இவரால் தட்டையாகப் படுக்க முடியாது, இரண்டு மணி நேரம் இருமாமலும் இருக்க முடியாது என்பதை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, தலைப்பக்கம் உயர்த்திய நிலையிலேயே அறுவை செய்வது என்றும், இருமல் வரும்போது நோயாளி இடக்கையை உயர்த்தினால் அறுவையைச் சற்று நிறுத்துவது என்றும் முடிவு செய்துகொண்டோம்.

ஊசி

மறுபடி வைத்துக் கட்டிய பத்தையை எடுக்காமல், முன்கையை ஒருவர் முழுதாகத் தாங்கியபடி தோளிலிருந்து மெல்ல விரித்தோம். அதற்காக, தூக்கமும் தரும் வலியடக்கியான ஃபென்டனில் 25 மைக்ரோகிராம் மட்டும் கொடுத்தோம். இப்படிப்பட்ட நுரையீரலுக்கு அதற்கு மேல் தூக்க மருந்து தருவது, தவிர்க்க நினைத்த ஆபத்தை வேறு வழியில் அழைத்து வருவதாகும். மூக்குவழி ஆக்சிஜன் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். இரத்த ஆக்சிஜன் 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு வைத்தோம்.

மருந்துக் கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். நரம்பை மரக்கச் செய்யும் மருந்தான ரோபிவகெய்ன், 0.5 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு மி.லி.க்கு 5 மி.கி. இருக்கிறது. கிலோவுக்கு 3 மி.கி. என்ற உச்ச வரம்பில் இவருக்கு 153 மி.கி. வரை தரலாம். 20 மி.லி., அதாவது 100 மி.கி. எடுத்தோம். தோலை மரக்கச் செய்ய 1 விழுக்காடு லிக்னோகெய்ன் 4 மி.லி., அதாவது 40 மி.கி. இரண்டு மருந்தைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் இருக்கிறதே என்று நிம்மதி அடைவது பரவலான பிழை. அவற்றின் நச்சுத்தன்மை ஒன்றோடொன்று கூடும். ரோபிவகெய்ன் வரம்பில் 65 விழுக்காடு, லிக்னோகெய்ன் 17 விழுக்காடு, ஆக 82 விழுக்காடு பயன்படுத்தினோம். எங்காவது மரப்பு தவறினால் நிரப்புவதற்காக மீதி விடப்பட்டது. வாய் மரத்தல், காதில் இரைச்சல், வலிப்பு, இதயத் துடிப்புத் தடுமாற்றம் என்று நச்சு அறிகுறி தோன்றினால் செலுத்த வேண்டிய 20 விழுக்காடு கொழுப்புக் குழம்பு பக்கத்திலேயே இருந்தது. கிலோவுக்கு 1.5 மி.லி. என்ற கணக்கில் இவருக்கான முதல் அளவு ஏறத்தாழ 75 மி.லி. என்பதையும் பலகையில் எழுதி வைத்திருந்தோம். நெருக்கடியில் கணக்குப் போட யாருக்கும் மனம் ஓடாது.

அக்குள் மடிப்பில் அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்ததும் தமனி துடிப்பது தெரிந்தது. தசைத்தோல் நரம்பு பின்னலிலிருந்து முன்னதாகவே பிரிந்து, பைசெப்ஸுக்கும் அதன் அடியிலுள்ள கொராக்கோ தசைக்கும் இடையே தனியாக ஓடுகிறது. தமனியைச் சுற்றி மட்டும் மருந்தை விட்டால் இது தப்பிவிடும். முன்கையின் வெளிப்பக்கத் தோல் விழித்திருக்கும். ரேடியஸுக்கான கீறல் அந்தப் பக்கத்தைத் தொட்டுச் செல்வதால் இவருக்கு இது முக்கியம். அங்கே 4 மி.லி. விட்டோம். தமனிக்கு மேலே மீடியன் நரம்புக்கு 5 மி.லி., உள்பக்கத்தில் சிரைக்கு அருகே அல்னார் நரம்பும் முன்கையின் உள்பக்கத் தோல் நரம்பும் சேர 5 மி.லி. அல்னா எலும்பின் மேலான கீறலுக்கு இந்தத் தோல் நரம்பு மரப்பது அவசியம்.

ரேடியல் நரம்புதான் எப்போதும் பொறுமையைச் சோதிப்பது. அது தமனிக்குப் பின்னால் இருக்கிறது. தமனிக்குள் இருக்கும் இரத்தத்தைக் கடந்து வரும் ஒலி அலை அதன் அடியில் ஒரு வெண்மையை உண்டாக்குகிறது. அந்த வெண்மையை நரம்பென்று எண்ணி மருந்தை விடுவது எளிது. புரோபைக் கை வழியே கீழ்நோக்கி நகர்த்தினால், உண்மையான நரம்பு மேற்கை எலும்பின் பின்புறம் நோக்கி விலகிச் செல்வது தெரியும். போலி வெண்மை தமனியின் அடியிலேயே நிற்கும். அப்படித் தேடி உறுதி செய்து 6 மி.லி. விட்டோம். பட்டை கட்டும் இடத்தில் மேற்கையின் உள்பக்கத் தோல் இரண்டாம் மார்பு நரம்பைச் சார்ந்தது. அது இந்தப் பின்னலில் சேராது. அதற்கு லிக்னோகெய்னைத் தோலடியில் ஒரு கோடாகச் செலுத்தினோம்.

20 நிமிடத்தில் மற்ற நரம்புகள் நன்றாக மரத்தன. ரேடியல் நரம்பில் மட்டும் மணிக்கட்டை நிமிர்த்தும் வலிமை மிச்சமிருந்தது. காத்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அறுவை தொடங்கியபின் வலி வந்தால் இவருக்கு நம்மால் கூட்ட முடிந்தது தூக்க மருந்து மட்டும்தான். அந்த வழியை நாங்களே அடைத்திருந்தோம். முழங்கைக்கு மேலே வெளிப்பக்கத்தில் ரேடியல் நரம்பைத் தனியாகக் கண்டு 3 மி.லி. கூட்டினோம், மொத்தம் வரம்பின் 92 விழுக்காடு. பத்து நிமிடத்தில் மணிக்கட்டு தளர்ந்தது. வலது உதரவிதானத்தை மறுபடி அளந்தோம்: 3.0 செ.மீ. அளக்கும் முறையின் இயல்பான வேறுபாட்டுக்குள் அடங்கும் மாற்றம்தான்.

அறுவையும் பின்னரும்

பட்டை அழுத்தம் 250 மி.மீ. பாதரசம், பட்டை கட்டியிருந்த நேரம் 105 நிமிடம். நோயாளி விழித்தே இருந்தார். இருமுறை கையை உயர்த்தினார், இருமுறையும் அறுவை நின்றது. கூடுதல் மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

மரப்பை நீட்டிக்க டெக்ஸாமெத்தசோன் சேர்க்கலாமே என்று எங்கள் முதுநிலை மாணவர் கேட்டது நியாயமான கேள்வி. மரப்பு நீண்டால் நல்லது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. முன்கை முறிவுக்குப் பின் தசையறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. அதன் முதல் அறிகுறி அளவுக்கு மீறிய வலி. மரத்த கையில் அந்த வலி கேட்காது. நரம்புத் தடுப்பையே கைவிட வேண்டும் என்று இதைச் சொல்லி வாதிடுவோர் உண்டு. இவரைப் போன்றவருக்கு அது நோயை விடக் கொடிய மருந்து. ஆனால் மரப்பு எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதை அறுவை மருத்துவரோடு சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். துணை மருந்து சேர்க்காமல், தொடர் மருந்துக் குழாய் வைக்காமல், ஒற்றை ஊசியோடு நிறுத்தினோம். மணிக்கொரு முறை விரல்நுனியில் இரத்தம் திரும்பும் வேகம், முன்கையின் இறுக்கம், கட்டின் இறுக்கம் மூன்றையும் செவிலியர் பார்த்தார்கள். பாராசிட்டமால் நேரம் தவறாமல் தரப்பட்டது. 9 மணி நேரத்தில் விரல்கள் அசையத் தொடங்கின. 11 மணி நேரத்தில் வலி பத்துக்கு நான்கு. முன்கை மெத்தென்றே இருந்தது. ஆக்சிஜன் தேவை அறுவைக்கு முன் இருந்ததை விடக் கூடவில்லை.

மறுநாள் எல்லா நரம்புகளும் மீண்டன; பெருவிரல் அருகே படத்தில் வரைந்திருந்த அந்தத் திட்டு மட்டும் முன்பிருந்த அதே எல்லையில் இருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, ஊசிக்கு முன்பே காட்டிய இடம்தானே என்றார். ஆறு வாரத்தில் அங்கேயும் உணர்ச்சி பெரும்பாலும் திரும்பியிருந்தது.

இந்தத் தேர்வின் எல்லையையும் சொல்ல வேண்டும். முறிவு முழங்கைக்கு மேலே, மேற்கை எலும்பில் இருந்திருந்தால் அக்குள் ஊசி போதாது. மேற்கையின் பின்பக்கத் தோலுக்கும் தோளுக்கும் செல்லும் கிளைகள் அதற்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. அப்போது காறை எலும்புக்குக் கீழான ஊசியும், தோள்பட்டைக்குச் செல்லும் கிளைகளைத் தனித்தனியாக மரக்கச் செய்வதும் சேர வேண்டியிருக்கும். ஊசிகள் கூடும், மருந்துக் கணக்கு இன்னும் நெருக்கமாகும். அந்தக் கணக்கு வரம்புக்குள் அடங்காத நோயாளிக்கு, அறுவையைத் தள்ளி வைத்து நுரையீரலுக்குச் சில நாள் மருத்துவம் செய்து, தீவிர சிகிச்சைப் படுக்கையை உறுதி செய்துகொண்டு முழு மயக்கத்துக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன்.